டெல்லிக்கு ரயிலா, விமானமா: ஓர் அறுபத்தோரு கிலோ கணக்கு

மகளுக்கு டெல்லியில் வேலை கிடைத்தது. மயூர் விஹாரில் சின்னதாக ஒரு வீடு பார்த்துக் குடிபோனாள். மூணு மாசம் நூடுல்ஸிலும் ரொட்டியிலும் ஓட்டிய பிறகு ஒருநாள் போனில், “அம்மா, நம்ம வீட்டு இட்லி சாப்பிடணும்போல இருக்கு” என்றாள். எங்கள் வீட்டில் சண்டை ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

போன நவம்பரில் நானும் வீட்டுக்காரரும் போய்வந்தோம். (நவம்பரில் டெல்லிக்குப் போனதே தப்பு. அந்தப் புகையைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.) போகும்போது ரயில், வரும்போது விமானம். இரண்டையும் ஒரே மாதத்தில் பார்த்துவிட்டதால் இதை எழுதுகிறேன். நான் ரயில் கட்சி, அவர் விமானக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

நேரத்தில் விமானம்தான் ஜெயிக்கும், அதில் பேச்சே இல்லை. வானத்தில் இருப்பது மூன்று மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. ஆனால் எங்கள் வீடு பெரம்பூரில். மீனம்பாக்கம் போவது, அங்கே இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய் உட்கார்வது, இறங்கிய பிறகு பெட்டிக்குக் காத்து நிற்பது, டெல்லி டிராஃபிக் என்று வாசலிலிருந்து வாசலுக்குக் கூட்டினால் எட்டு மணி நேரம் ஆகிறது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சென்ட்ரலில் இரவு 10 மணிக்குக் கிளம்பினால் இடையில் ஒரு முழுப் பகல் போய், மூன்றாம் நாள் காலை ஆறரை வாக்கில் புது டெல்லி. தூரம் 2,180 கிலோமீட்டர் சொச்சம். இரண்டு ராத்திரியும் தூங்கியே கழிந்துவிடுவதால், நிஜமாகச் செலவாவது ஒரு பகல்தான் என்பது என் வாதம். நான் ரிட்டையரான டீச்சர், எனக்கு அந்தப் பகல் சும்மா கிடைக்கிறது. லீவை எண்ணி எண்ணி எடுக்கிறவர்களுக்கு இந்த வாதம் செல்லாது. அவர்கள் இதற்குமேல் படிக்காமல் விமான டிக்கெட் போட்டுவிடலாம்.

பணம்? ரயிலில் மூன்றாம் வகுப்பு ஏசி தலைக்கு இரண்டாயிரத்துச் சொச்சம், ஸ்லீப்பர் ஆயிரத்துக்குள். 2025 டிசம்பர் கடைசியில் கிலோமீட்டருக்கு 2 பைசா ஏற்றினார்கள். டெல்லிக்குக் கணக்குப் போட்டால் நாற்பது ரூபாய் சொச்சம், அதற்காக அழ வேண்டியதில்லை. முதியோர் சலுகை 2020 மார்ச்சில் நின்றதுதான், இன்னும் திரும்ப வரவில்லை. அது இருந்தால் எனக்குப் பாதிக் கட்டணம். விமானத்தில் நல்ல நாளில் ஆறாயிரத்துக்குக் கிடைக்கும், பண்டிகை நெருங்கினால் இரண்டு மடங்குகூட ஆகும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் வீட்டில் முடிவு செய்தது நேரமும் இல்லை, டிக்கெட் விலையும் இல்லை. சாமான்.

மகள் இட்லி என்றதும் நான் கட்ட ஆரம்பித்தேன். வீட்டில் இரண்டாவதாகச் சும்மா கிடந்த டேபிள் டாப் கிரைண்டர். இட்லி அரிசி, உளுந்து, செக்கு நல்லெண்ணெய் ஐந்து லிட்டர், கிடாரங்காயும் எலுமிச்சையும் ஊறுகாய் பாட்டில்களில், சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, இட்லிப் பொடி, வடாம், அப்பளம், குக்கர், இட்லிப் பானை, சின்னதாக ஒரு குத்துவிளக்கு. அப்புறம் தோசைக்கல்.

வீட்டுக்காரர் எடை மெஷினைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். கிரைண்டர் அதன்மேல் நேராக நிற்காது. அதனால் அவரே கிரைண்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றார். நான் குனிந்து எண்ணைப் படித்தேன், அப்புறம் அவர் எடையைக் கழித்தோம். கல்லோடு பதினொன்று. இப்படியே ஒவ்வொன்றாக அவர் ஏறி இறங்க, எங்கள் துணி, ஸ்வெட்டர் எல்லாம் சேர்ந்து அறுபத்தோரு கிலோ வந்தது.

“நான் சொன்னேன்ல?” என்றார்.

“எனக்கும் அதான் வேணும்” என்றேன்.

விமானத்தில் உள்நாட்டு டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் பெட்டியில் 15 கிலோ, கையில் 7 கிலோ. இரண்டு பேருக்கு 44. மீதி 17 கிலோவுக்கு, கவுன்ட்டரில் போய்க் கட்டினால் கிலோவுக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல். 8,500-க்குக் குறையாது. ரயிலில் எங்கள் இரண்டு பேர் டிக்கெட்டையும் சேர்த்தாலே அவ்வளவு வராது! கையில் எடுத்துப்போகும் 14 கிலோவும் காகிதத்தில்தான் 14. அதில் மிளகாய் ஊறுகாய் வைக்க முடியாது, எண்ணெய் முடியாது. இரும்புத் தோசைக்கல்லைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்கேனரைத் தாண்டும் தைரியம் எனக்கில்லை. தேங்காய்க்குக்கூட அங்கே கட்டுப்பாடு. சபரிமலைக்குப் போகிறவர்கள் இருமுடித் தேங்காயைக் கையில் கொண்டுபோக 2024-ல் தனியாகவே அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக, கைப்பையில் துணி மட்டும்தான். கனமான சாமான் அத்தனையும் அந்த 30 கிலோவுக்குள் முட்டி மோத வேண்டும்.

ரயிலில் மூன்றாம் ஏசிக்கு ஆளுக்கு 40 கிலோ இலவசம், இரண்டாம் ஏசிக்கு 50, முதல் வகுப்பு ஏசிக்கு 70. எங்களுக்கு 80 கிலோ வரை போகலாம். அறுபத்தொன்றைக் கட்டி முடித்த பிறகும் பத்தொன்பது கிலோ பாக்கி இருக்கிறதே என்று எனக்குக் கை பரபரத்தது. பெட்டியின் நீள அகலத்துக்கும் விதி உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் மூட்டைகளை அன்றைக்கு யாரும் அளக்கவுமில்லை, நிறுக்கவுமில்லை. அளந்திருந்தால் கிரைண்டர் அட்டைப்பெட்டி விஷயத்தில் கொஞ்சம் கெஞ்ச வேண்டியிருந்திருக்கும்.

“அங்கேயே வாங்கிக்கலாமே” என்பது அவருடைய அடுத்த அம்பு. பாதி நியாயம்தான். ஐஎன்ஏ மார்க்கெட்டிலும் கரோல் பாக்கிலும் நம்மூர்ச் சாமான் கிடைக்கிறது, மயூர் விஹாரிலேயே மலையாளிகள் கடை உண்டு. இட்லி அரிசி சுமந்தது என் பிடிவாதம், ஒத்துக்கொள்கிறேன். கிரைண்டரையும் ஆன்லைனில் போட்டிருக்கலாம். ஆனால் தோசைக்கல்? அது பன்னிரண்டு வருஷம் பழகின கல். புதுக் கல்லை வாங்கி, வெங்காயம் தேய்த்து, எண்ணெய் தடவி, முதல் இருபது தோசையைச் சுரண்டியெடுத்துப் பழக்குவதற்குள் அவள் மறுபடி நூடுல்ஸுக்கே போய்விடுவாள். பார்சலில் போடலாம் என்றால், எண்ணெய், ஊறுகாய் என்றதும் எங்கள் தெரு பார்சல் ஆபீஸில் உதட்டைப் பிதுக்கினார்கள். கல்லுக்கும் உத்தரவாதம் கிடையாது.

இனி ரயிலில் ஏறிய கதை. ஆறு உருப்படி. போர்ட்டர் ஒருவர் இரண்டைத் தலையிலும் இரண்டைத் தோளிலுமாகக் கொண்டுவந்து இறக்கினார். கீழ் பெர்த்துக்கு அடியில் இருக்கும் இடம் அந்தப் பகுதியில் இருக்கும் எட்டுப் பேருக்கும் பொது. அதனால் அரை மணி நேரம் முன்னாலேயே போய்விட வேண்டும். இதில்தான் ரயில் பயணிக்கும் விமானப் பயணிக்கும் வித்தியாசம். அங்கே எடைக்குச் சண்டை, இங்கே இடத்துக்கு. கிரைண்டர் பெட்டியைத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. எதிர் பெர்த்துப் பையன் எழுந்து வந்தான். ஜான்சி போகும் ராணுவக்காரன்.

“க்யா ஹை இஸ்மே, மாதாஜி? பத்தர்?” இதில் என்ன இருக்கு, கல்லா என்று கேட்கிறான்.

பிராத்மிக் பாஸ் பண்ணிய ஹிந்தியை முழுக்கத் திரட்டி, “ஹாம், பத்தர் ஹை” என்றேன். கல்தானே, பொய்யா சொன்னேன்? அவன் சிரித்துக்கொண்டே ஒரே தள்ளு தள்ளி உள்ளே ஏற்றிவிட்டான். எல்லாவற்றையும் சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொண்டேன்.

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கும் அறுபது தாண்டிய ஆண்களுக்கும் இடம் இருந்தால் கீழ் பெர்த் கொடுப்பார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒரு கீழ், ஒரு நடு. அவருக்கு முட்டிவலி, அதனால் கீழ் அவருக்கு. விதிப்படி நடு பெர்த்தை இரவு பத்திலிருந்து காலை ஆறு வரைதான் விரிக்கலாம். பகலில் எல்லோரும் உட்கார்ந்தாக வேண்டும். முட்டிவலிக்காரருக்கு விமானம்தானே நல்லது என்று அவர் கேட்டார். அங்கே மூன்று மணி நேரம் மடக்கிய காலை நீட்ட வழியில்லை. இங்கே நடக்கலாம், மதியம் கீழே ஆள் இல்லாத நேரம் பார்த்துக் காலை நீட்டலாம். இந்த ஒரு விஷயத்தில் அவரே கொஞ்சம் இறங்கி வந்தார்.

கிருஷ்ணாவை இருட்டில் தாண்டிவிடுகிறது. கோதாவரி மட்டும் காலை வெளிச்சத்தில், மஞ்சிரியால் பக்கம். அப்புறம் தேக்குக் காடு. மதியம் நாக்பூரில் ஆரஞ்சு வாங்கினேன். பட்டியலில் இல்லாத இரண்டு கிலோ, யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் இட்டார்சிக்கு முன்னால் மலையும் சுரங்கமும். இரவு போபால். முதல் நாளுக்குப் புளியோதரை, மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவிய இட்லி. அதற்குப் பிறகு பேன்ட்ரியில் கிடைத்ததைச் சாப்பிட்டோம். சாப்பாட்டைப் புகழவும் மாட்டேன், திட்டவும் மாட்டேன். கழிவறை விஷயம் மட்டும், எந்த நெடுந்தூர ரயிலாக இருந்தாலும் இரண்டாம் நாள் சாயங்காலம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான்.

திரும்பும்போது கை வீசி வரப்போகிறோம், விமானம் என்று நானே ஒத்துக்கொண்டேன். சாமான் இல்லாத வழிக்கு அதுதான் சரி, இதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. கை வீசி வந்திருந்தால்! மகள் ஒரு ரஜாய் (பஞ்சு வைத்துத் தைத்த கனமான போர்வை) வாங்கிக் கொடுத்தாள், பக்கத்து வீட்டு அம்மா ஆக்ரா பேட்டா என்கிற பூசணிக்காய் மிட்டாய் இரண்டு பெட்டி கொடுத்தாள். கவுன்ட்டரில் பெட்டி 17.2 காட்டியது. அந்தப் பெண் சிரித்த முகம் மாறாமல், “மேம், எடுத்துடுங்க, இல்லன்னா பே பண்ணுங்க” என்றாள். வரிசைக்கு ஓரமாகத் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, உள்பாவாடை முதல் பேட்டா வரை ஊர் பார்க்க வெளியே எடுத்து வைத்தேன். இவர் ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டார். மீனம்பாக்கத்தில் இறங்கியபோது முப்பது டிகிரி.

சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேருவது எது என்றால், இங்கே நான் உறுதியாகப் பேச மாட்டேன். நாங்கள் திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள், 2025 டிசம்பர் முதல் வாரத்தில், நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் விமானங்கள் ரத்தாயின. 1,500 கிலோமீட்டருக்குமேல் போகும் டிக்கெட்டை 18,000 ரூபாய்க்குமேல் விற்கக் கூடாது என்று அரசு உச்சவரம்பு போட்டது. அதை வைத்து ஒரு வாரம் இவரை ஓட்டினேன். நியாயமாகப் பார்த்தால் டிசம்பர், ஜனவரி மூடுபனியில் வடக்கே ரயிலும் மணிக்கணக்கில் நிற்கிறது. அந்த மாதங்களில் நான் போனதில்லை, மகள் சொல்லிக் கேட்டதுதான். வாரம் இரண்டு நாள் ஓடும் ராஜதானியிலும் ஏறியதில்லை. அது இருபத்தெட்டு மணி நேரத்தில் போய்விடுகிறது, ஆனால் இடம் நிரம்ப நிரம்பக் கட்டணம் ஒன்றரை மடங்கு வரை ஏறும். ஏறிப் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ரயில் கட்சியில் சேருகிறவர்களுக்கு ஒன்று. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது (2024 அக்டோபர் வரை 120 நாள்). அந்த நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெயிட்டிங் லிஸ்ட்டில் நின்றுகொண்டு அறுபது கிலோ மூட்டை கட்டுவது பைத்தியக்காரத்தனம்.

ஏப்ரலில் மறுபடி போக வேண்டும். இந்த முறை விமானம்தான், கொண்டுபோக ஒன்றுமில்லை என்கிறார். பேச்சுக்குச் சரிதான். போன வாரம் மாவடு போட்டேன், நன்றாகச் சுருங்கி வந்திருக்கிறது. நேற்று அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து எடை மெஷினை எடுத்தேன். ஜாடியோடு ஏழரை கிலோ. இன்னும் டிக்கெட் போடவில்லை.