1200-ஆ, 8350கே-வா, 3100-ஆ: ஏர் கூலரை மட்டும் நம்பி ஓவர்கிளாக் செய்ய எந்தப் பிராசஸர் தேறும்?

போன வாரம் சித்தப்பா மகன் போன் செய்தான். "அண்ணா, ரைசன் 3 3100 செகண்ட் ஹேண்ட்ல கிடைக்குது. அதை 4.3க்கு ஏத்திட்டா 3300எக்ஸ் ஆயிடும்ல? எதுக்கு அதுக்குப் போய்க் கூடுதலா கொடுக்கணும்?" ஆகாதுடா என்றேன். அவன் விடவில்லை. "நீ மட்டும் உன் 1200ஐ ஏத்தி 1300எக்ஸைத் தாண்டிட்டேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டே?" அது ஆயிற்று, இது ஆகாது. ஏன் என்று போனிலேயே சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். அவன் லிஸ்டில் இன்டெல்லின் ஐ3-8350கேயும் இருந்தது, அதையும் சேர்த்துக்கொள்கிறேன். மற்றவை எல்லாம் ஏஎம்டியின் ரைசன் 3 பிராசஸர்கள், எக்ஸ் என்று முடிவது ஒரு படி மேல். ஓவர்கிளாக் என்றால் பிராசஸரின் கிளாக்கை, அதாவது அது ஓடும் வேகத்தை, கம்பெனி வைத்த அளவுக்கு மேல் நாமே ஏற்றுவது. ஏர் கூலர் என்பது பிராசஸர் மேல் மாட்டும் ஃபேன் வைத்த கூலர், அறையில் வைப்பது அல்ல.

மூன்றும் நான்கு கோர், அதாவது உள்ளே கணக்குப் போடும் பகுதி நான்கு. மூன்றிலும் வேகத்தை நிர்ணயிக்கும் மல்டிபிளையர் பூட்டப்படவில்லை. 1200 வந்தது 2017 ஜூலையில், 109 டாலருக்கு, 3.1 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகம், தேவைப்படும்போது தானாக ஏறும் பூஸ்ட் 3.4. 8350கே அதே வருடம் அக்டோபரில், 168 டாலர், எப்போதும் 4.0தான், பூஸ்ட் என்று ஒன்று அதற்குக் கிடையாது. 3100 வந்தது 2020ல், 99 டாலர், 3.6 முதல் 3.9 வரை, இதில் மட்டும் நான்கு கோருக்கு எட்டு த்ரெட், அதாவது ஒரு கோர் ஒரே சமயத்தில் இரண்டு வேலையைக் கவனிக்கும். இந்த எட்டு த்ரெட் விஷயம் கொஞ்சம் கழித்து மறுபடி வரும்.

முதலில் 1200. ஏஎம்டி அதே சிலிக்கானை வைத்து 1300எக்ஸ் என்று இன்னொன்றை 129 டாலருக்கு விற்றது. இரண்டுக்கும் அதே நான்கு கோர், அதே நான்கு த்ரெட், அதே 8 எம்பி எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்), கோர்கள் இரண்டு இரண்டாகப் பிரிந்திருக்கும் அதே அமைப்பு. வித்தியாசம் என்று பார்த்தால் கிளாக் மட்டும்தான். ஓவர்கிளாக் செய்வதால் நம் கைக்கு வருவதும் கிளாக் மட்டும்தான். ஆக 20 டாலர் வித்தியாசத்தை பயாஸில், அதாவது மதர்போர்டின் செட்டிங்ஸ் திரையில், நான்கு எண்களைத் தட்டி ஈடுகட்டிவிடலாம், அதற்கு மேலும் போகலாம். பழைய ஆட்களுக்கு இன்டெல் கியூ6600 ஞாபகம் வரலாம். எஃப்எஸ்பி என்ற அடிப்படைக் கிளாக்கை 266லிருந்து 333க்கு மாற்றினால் 2.4 இருந்தது 3.0 ஆகிவிடும், மேல்விலைச் சிப்பின் வேகம் சும்மா கிடைத்த மாதிரி. 1200 அந்த வம்சம்தான்.

என்னிடம் இருந்த 1200, நான்கு கோருக்கும் வேலை கொடுத்தால் 3.1ஐ ஒட்டியேதான் நிற்கும். அதை 1.35 வோல்ட்டில் 3.8க்குக் கொண்டுவந்தேன். கிட்டத்தட்ட 23 சதவீத வேகம், செலவில்லாமல். சரி, வெப்பம்? சிப் தின்கிற மின்சாரம் கிளாக்கோடு நேராக ஏறும், ஆனால் வோல்டேஜோடு அதன் வர்க்கமாக ஏறும். 1.2 வோல்ட்டிலிருந்து 1.35க்குப் போனால் அதில் மட்டும் சுமார் 27 சதவீதம் கூடுகிறது, கிளாக்கையும் பெருக்கினால் மொத்தம் 55 சதவீதம். அதுவரைகூடப் பரவாயில்லை. அதற்கு மேலே 3.9 வேண்டும் என்றபோது என் சிப் 1.425 வோல்ட் கேட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டரை சதவீத வேகத்துக்கு 14 சதவீதம் கூடுதல் வெப்பம். முதல் தலைமுறை ரைசன் பெரும்பாலும் 3.8க்கும் 4.0க்கும் நடுவில் முட்டிக்கொண்டு நின்றுவிடும், அதற்கு மேல் எவ்வளவு வோல்டேஜ் ஊற்றினாலும் சூடுதான் மிச்சம்.

கணக்கு தெரிந்தும் 3.9ல்தான் வைத்திருந்தேன், ஆசை யாரை விட்டது. டிசம்பரில் வைத்தது. பிராசஸரை வாட்டிச் சோதிக்கும் மென்பொருள்களில் ஓசிசிடி ஒரு மணி நேரம் ஓடியது, சினிபெஞ்ச் திரும்பத் திரும்ப ஓடியது, ஒரு பிழை இல்லை. மே மாதம் ஒரு மதியம் மூன்று மணிக்கு, வீடியோ எக்ஸ்போர்ட் 80 சதவீதத்தில் இருக்கும்போது நீலத் திரை. மறுபடி ஓட்டினால் மறுபடி நீலத் திரை. ராத்திரி பதினோரு மணிக்கு அதே எக்ஸ்போர்ட் ஒழுங்காக முடிகிறது. நான் ரேமைக் கழற்றினேன், மாட்டினேன், மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்பட்டேன், விண்டோஸைக்கூட மறுபடி போட்டேன். கடைசியில் பார்த்தால் மார்கழியில் பாஸான ஓவர்கிளாக் சித்திரையில் ஃபெயில், அவ்வளவுதான் சங்கதி. என் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே. மதியம் உள்ளே 37 டிகிரி. ஏர் கூலரால் அறை வெப்பத்துக்குக் கீழே எதையும் கொண்டுபோக முடியாது, அறை ஒரு டிகிரி ஏறினால் சிப்பும் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். யூடியூபில் ரிவ்யூ செய்கிறவர்கள் 21, 22 டிகிரி அறையில் உட்கார்ந்து "வெறும் 72தான்" என்று காட்டினால், மதுரையில் அதை 87 என்று படித்துக்கொள்ள வேண்டும். எந்த ஓவர்கிளாக்கையும் ஏசி போட்ட அறையிலோ ராத்திரியிலோ டெஸ்ட் செய்து முடிவுக்கு வராதீர்கள். மே மாத மதியத்தில் தேறினால் தேறியது.

கூலர் விஷயத்துக்கு வருகிறேன். 1200க்கும் 3100க்கும் பெட்டியிலேயே ரெய்த் ஸ்டெல்த் என்ற குட்டைக் கூலர் வரும். பார்க்க டிபன் டப்பா மூடி மாதிரி இருக்கும், ஆனால் 3.7, 3.8 வரை 1200ஐத் தாங்கும், சத்தத்தைப் பொறுத்துக்கொண்டால். நான்கு ஹீட்பைப், 120 மில்லிமீட்டர் ஃபேன் உள்ள டவர் கூலர் ஒன்று மாட்டினால் பத்துப் பதினைந்து டிகிரி இறங்கும், சத்தமும் பாதியாகும். யாரும் அதிகம் சொல்லாத ஒன்று இதில் உண்டு. குட்டைக் கூலர் காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுவதால் பக்கத்தில் இருக்கும் விஆர்எம்மும், அதாவது பிராசஸருக்கு மின்சாரத்தைப் பக்குவமாக்கிக் கொடுக்கிற பகுதியும், சேர்ந்து குளிரும். டவர் கூலர் காற்றைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, விஆர்எம்முக்கு எதுவும் போகாது. விலை குறைந்த பி350 மதர்போர்டுகள் பலவற்றில் அங்கே ஒரு ஹீட்சிங்க்கூட இருக்காது. பிராசஸர் 65 டிகிரியில் ஜம்மென்று இருக்க, பக்கத்தில் விஆர்எம் கொதித்துக்கொண்டிருக்கும், திடீரென்று கிளாக் சரியும், ஏன் என்று புரியாது. டவர் மாட்டுகிறவர்கள் கேபினெட்டின் பின்பக்க ஃபேனையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெல்த்தைக் கழற்றும்போது ஒன்று. நான்கு ஸ்க்ரூவையும் எடுத்துவிட்டு நேராக மேலே இழுத்தேன், பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் வெப்பம் கடத்தத் தடவும் பேஸ்ட் காய்ந்து பிடித்திருந்ததால் லிவரைத் திறக்காமலே பிராசஸர் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு கூலரோடு வந்துவிட்டது. ஓரத்தில் மூன்று பின் வளைந்திருந்தது. தப்பு முழுக்க என் கைதான், அவசரம். லெட் பென்சிலின் முனைத் துளைக்குள் பின்னை நுழைத்து மெல்ல மெல்ல நிமிர்த்தினேன், அந்த அரை மணி நேரம் வீட்டில் ஃபேனைக்கூடப் போடவிடவில்லை. கழற்றும் முன் பத்து நிமிடம் ஏதாவது கேம் ஓட்டிச் சூடாக்கி, பிறகு அணைத்துவிட்டு, கூலரை இடம் வலமாகத் திருகித் திருகி எடுங்கள். இன்டெல்லின் இந்தச் சாக்கெட்டில் அந்தப் பயம் இல்லை, பின் போர்டில்தான் இருக்கிறது, பிராசஸரையும் ஒரு கம்பிச் சட்டம் பிடித்திருக்கும்.

இன்டெல் என்றதும் 8350கே. ஓவர்கிளாக் வேகம் மட்டும் பார்த்தால் மூன்றில் இதுதான் ராஜா. நல்ல டவர் கூலரில் 4.8 சாதாரணமாக வரும், அதிர்ஷ்டம் இருந்தால் 5.0. ஒற்றை கோர் வேகத்தை நம்பியிருக்கும் பழைய கேம்களுக்கும் எமுலேட்டர்களுக்கும் இது கொடுக்கிற வேகத்தை 1200 கனவில்கூடத் தொடாது. ஆனால் சுற்றிலும் இருக்கிற செலவைப் பாருங்கள். கிளாக்கை ஏற்ற இசட்370 அல்லது இசட்390 போர்டுதான் வேண்டும், பி360ல் முடியாது. பெட்டியில் கூலரும் கிடையாது. போதாக்குறைக்கு சிப்புக்கும் மேல் மூடிக்கும் நடுவில் ஈயம் போல் உருக்கி ஒட்டாமல் வெறும் பேஸ்ட்டைத் தடவி அனுப்பியிருந்தார்கள். ரைசன் 1200லும் 3100லும் சோல்டர். பேஸ்ட் வழியாக வெப்பம் வெளியே வருவதே பெரும்பாடு, அதற்கு மேலே எவ்வளவு பெரிய டவரை நட்டாலும் கூலர் வெதுவெதுப்பாகவே இருக்கும், உள்ளே கோர் 90ஐத் தொட்டிருக்கும். மூடியைப் பிளேடால் கிளப்பி உள்ளே லிக்விட் மெட்டல் போட்டவர்கள் உண்டு. எனக்கு அந்தத் தைரியம் இல்லை, பட்ஜெட் சிப்புக்கு அது தேவையும் இல்லை.

இதே 8350கேயோடு ஒரே நாளில் ஐ5-8400 வந்தது, 182 டாலர். ஆறு கோர், பூட்டிய சிப், பெட்டியில் கூலர். 14 டாலர் கூடக் கொடுத்தால் இரண்டு கோர் அதிகம், ஓவர்கிளாக் தலைவலி கிடையாது. இதைப் பார்த்த பிறகும் 8350கே வாங்கியவர்கள் வேகத்துக்காக வாங்கவில்லை, ஏற்றிப் பார்க்கிற சுகத்துக்காக வாங்கினார்கள் என்றுதான் நினைக்கிறேன். அதில் தப்பொன்றும் இல்லை. இன்று செகண்ட் ஹேண்டில் இசட்370 போர்டோடு சேர்ந்து சல்லிசாகக் கிடைத்தால் யோசிக்கலாம். சிப் தனியாகக் கிடைத்தால் வேண்டாம், போர்டு தேடியே நொந்துபோவீர்கள்.

இப்போது தம்பியின் கேள்வி. 3100ம் 3300எக்ஸும் காகிதத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அதே நான்கு கோர், எட்டு த்ரெட், 16 எம்பி எல்3. விலை வித்தியாசம் 21 டாலர். வித்தியாசம் கிளாக்தான் என்று நினைத்தால் அங்கேதான் கோட்டை விடுகிறோம். 3100ல் இரண்டு கோர் ஒரு வீட்டில், இரண்டு கோர் இன்னொரு வீட்டில், கேஷும் எட்டு எட்டாகப் பாகம் பிரிந்திருக்கிறது. இந்த வீட்டுக் கோர் அந்த வீட்டுக் கோரோடு பேச வேண்டுமானால் சிப்பை விட்டு வெளியே போய், பக்கத்தில் இருக்கும் ஐஓ சிப் வழியாகச் சுற்றித் திரும்பி வர வேண்டும். 3300எக்ஸில் நான்கு பேரும் ஒரே கூரையின் கீழே, 16 எம்பியும் பொதுச் சொத்து. ஆகவே 3100ஐ 4.3க்கு ஏற்றினால் சினிபெஞ்ச் மாதிரி, கோர்கள் ஒன்றோடொன்று அதிகம் பேசாத வேலையில் இரண்டும் தோளோடு தோள் நிற்கும். கேம் என்று வந்தால் ஒரே கிளாக்கிலும் 3300எக்ஸ் முன்னால் போய்விடும். எந்த வோல்டேஜாலும் அந்த நடுச்சுவரை இடிக்க முடியாது. கொஞ்சம் குறைக்கலாம், ரேமை வைத்து. அந்தச் சுற்றுவழியின் வேகம் ரேம் வேகத்தோடு கட்டிப்போட்டது, 2400 ரேமிலிருந்து 3600க்குப் போனால் கேமில் தெரிகிற வித்தியாசம் கிளாக்கை 200 மெகாஹெர்ட்ஸ் ஏற்றுவதைவிடக் கூடுதலாகவே இருக்கும். 1200க்கும் இது பொருந்தும், ஆனால் அதன் மெமரி கன்ட்ரோலர் 3200ஐத் தாண்ட முரண்டு பிடிக்கும்.

3100ஐ ஏற்றும்போது எல்லோரும் விழுகிற ஒரு குழி. ஆட்டோவில் விட்டுவிட்டு எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் பார்த்தால் சும்மா இருக்கும்போதே 1.4 வோல்ட்டுக்கு மேல் காட்டும். "கம்பெனியே இவ்வளவு போடுது, நாமும் போடலாம்" என்று 1.4ஐ நிலையாக வைத்துவிடுகிறார்கள். அது ஒரு கோர் மட்டும் ஒரு நொடி குதிக்கும்போது, மின்னோட்டம் குறைவாக இருக்கும்போது வருகிற எண். நான்கு கோரும் முழு வேலை செய்யும்போது அதே வோல்ட்டை வைத்தால் சிப் நாளடைவில் தேயும். 1.3க்கு மேல் நிலையாக வைக்க எனக்கு மனசு வராது. அந்த அளவுக்குள்ளேயே 4.2, 4.3 பெரும்பாலான சிப்பில் கிடைக்கும். இன்னொரு வித்தியாசமும் தெரியும். 7 நானோமீட்டர் சிப் மிகச் சின்னது, மூடிக்கு அடியில் நடுவில் இல்லாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கிறது, வெப்பம் ஒரே புள்ளியில் குவியும். அதனால் பிரவுசரைத் திறந்தாலே 45லிருந்து 60க்குத் துள்ளும். கூலரில் கோளாறு என்று பேஸ்ட்டை மாற்றி மாற்றித் தடவ வேண்டாம், பயாஸில் ஃபேன் வேகம் மாறும் நேரத்தைச் சில வினாடி தள்ளிவைத்தால் அந்த ஏறி இறங்கும் இரைச்சல் நிற்கும்.

3300எக்ஸையே வாங்கிவிட்டால் என்ன? வாங்கலாம், கிடைத்தால். அது வந்த வருடத்திலேயே கடைகளில் கண்ணில் படவில்லை, செகண்ட் ஹேண்டிலும் அபூர்வம். கிடைத்தால் ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை, தானாகவே 4.3 வரை போகிறது, கையால் ஏற்றினால் இன்னும் ஒன்றிரண்டு படிதான்.

எதை எடுப்பது என்று கேட்டால் இன்றைக்கு 3100தான் சொல்வேன், காரணம் கிளாக் அல்ல, முதலில் சொன்ன அந்த எட்டு த்ரெட். நான்கு த்ரெட்டோடு புதிய கேம் எதையாவது ஓட்டிப் பாருங்கள், சராசரி ஃப்ரேம் நன்றாகத்தான் இருக்கும், நடுநடுவே திக்கும். 8350கேயை 5.0ல் வைத்தாலும் அந்தத் திக்கல் போகாது. 1200க்கு இன்னொரு குறை, விண்டோஸ் 11 ஆதரிக்கும் பட்டியலில் அது இல்லை, விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. லினக்ஸ் போடுகிறவர்கள், ஓவர்கிளாக் பழகுகிறவர்கள், கெட்டாலும் பெரிய நஷ்டமில்லை என்கிறவர்கள் 1200ஐ எடுக்கலாம். எடுத்தால் மூடியில் இருக்கும் பார்ட் எண்ணின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள், ஏஇ என்றால் பழைய 14 நானோமீட்டர், ஏஎஃப் என்றால் 2020ல் வந்த 12 நானோமீட்டர் வகை. விற்கிறவருக்கே பெரும்பாலும் இது தெரிந்திருக்காது. ஏ320 போர்டோடு தலையில் கட்டப் பார்த்தால் மட்டும் ஓடிவிடுங்கள், அதில் ஓவர்கிளாக் கிடையாது. 1200ஓ 3100ஓ, ஏஎம்4 போர்டு என்பதால் பின்னால் பயாஸை அப்டேட் செய்துவிட்டு ரைசன் 5 5600 மாதிரி ஆறு கோர் ஒன்றை அதே சாக்கெட்டில் இறக்கலாம், 8350கேக்காரர்களுக்கு ஒன்பதாம் தலைமுறையோடு வழி அடைந்துவிடுகிறது.

தம்பி 3100தான் எடுத்தான். முதல் நாள் ராத்திரி 4.3, 1.3 வோல்ட், டவர் கூலர் என்று போட்டோ அனுப்பினான். மூன்றாம் நாள் கேட்டபோது 4.1க்கு இறக்கி 1.2 வோல்ட்டில் வைத்திருப்பதாகச் சொன்னான். ஏன்டா என்றேன். "கேம்ல ஒரு வித்தியாசமும் தெரியலண்ணா, ஃபேன் சத்தத்துல அம்மாதான் கத்துறாங்க."