மூன்று பேட்டரி மாற்றியும் திறக்காத கார் சாவி: ஆறு வருட அனுபவம்

போன வாரம் நண்பர் ஒருவர் அழைத்தார். காரின் ரிமோட் சாவி வேலை செய்யவில்லை, பேட்டரி மாற்றியும் பலனில்லை, முழுச் சாவியையும் மாற்றச் சொல்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டார். அவரிடம் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே தொல்லையோடு மல்லுக்கட்டியவன் நான்.

என் காருக்கு ஆறு வயதாகிறது. என்ஜின், இருக்கை, ஏசி எதைப் பற்றியும் புகார் கிடையாது. புகார் எல்லாம் கைக்குள் அடங்கும் அந்தக் கறுப்புச் சாவி மேல்தான்.

முதல் நான்கு வருடம் அது தங்கமாக உழைத்தது. பையிலிருந்து வெளியே எடுக்கவே தேவைப்படவில்லை. கைப்பிடியைத் தொட்டதும் கார் குறைந்த அதிர்வெண்ணில் சாவியைக் கூப்பிடும். பல கார்களில் இது 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்கும், ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் எட்டாது. சாவி விழித்துக்கொண்டு ரேடியோ அலையில் பதில் சொல்லும். பல நாடுகளில் அது 433.92 மெகாஹெர்ட்ஸ், வட அமெரிக்கக் கார்களில் பெரும்பாலும் 315. இவ்வளவும் நடப்பது நமக்குத் தெரியவே தெரியாது. இரண்டு கையிலும் சுமையோடு வந்து, ஒரு விரலை மட்டும் நீட்டிக் கதவைத் திறப்பது எவ்வளவு பெரிய வசதி!

ஐந்தாவது வருடத் தொடக்கத்தில் தூரம் குறைந்தது. முன்பு முப்பது அடி தள்ளி நின்று அமுக்கினாலே விளக்கு சிமிட்டும் கார், பக்கத்தில் போனால்தான் பதில் சொன்னது. பேட்டரிதான் என்று நினைத்தேன், யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். சிஆர் 2032 என்ற நாணய வடிவ பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டேன். சரியாகிவிட்டது. மூன்று வாரம் கழித்து மறுபடி அதே கதை. இன்னொன்று போட்டேன், இந்த முறை இரண்டு வாரம் ஓடியது. மூன்றாவது பத்து நாள்தான்.

பேட்டரி விஷயத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2032 என்ற எண்ணிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2025 என்பதும் அதே அகலம்தான், ஆனால் தடிமன் 2.5. இரண்டும் 3 வோல்ட். அதனால் 2032 போட வேண்டிய இடத்தில் 2025 போட்டாலும் முதலில் வேலை செய்வது போலத் தோன்றும், சாவி ஒருமுறை கீழே விழுந்தால் தொடர்பு விட்டுப்போகும். நண்பரிடம் முதலில் இதைத்தான் கேட்டேன். அப்புறம், கழற்றிய பேட்டரியை மேசை மேல் போட்டு வைக்காதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். அன்றைக்கே ஒரு டப்பியில் போட்டு மூடி, எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள்.

மூன்றாவது பேட்டரியும் போன அந்த ராத்திரியை என்னால் மறக்க முடியவில்லை. கொட்டும் மழை. தோளில் தூங்கும் குழந்தை. கைப்பிடியைத் தொட்டேன், பட்டனை அமுக்கினேன், காரோடு ஒட்டி வைத்து அமுக்கினேன். ஒரு சிமிட்டல்கூட இல்லை. கடைசியில் சாவிக்குள் மறைந்திருக்கும் இரும்புச் சாவியை உருவி எடுத்தேன். கைப்பிடியின் பின்முனையில் ஒரு சின்ன மூடி உண்டு. அதன் அடியில் உள்ள கீறலில் இரும்புச் சாவியின் நுனியை விட்டு நெம்பினால் மூடி கழன்று சாவித்துளை தெரியும். என் காரில் அப்படி ஒரு துளை இருப்பதையே நான் கையேட்டில் தற்செயலாகப் பார்த்திருந்தேன். திறந்ததும் அலாரம் அலறியது, குழந்தையும் அலறியது.

உள்ளே உட்கார்ந்து, செயலற்ற அந்தச் சாவியை ஸ்டார்ட் பட்டன் மேல் ஒட்டிப் பிடித்து, பிரேக்கை மிதித்து அமுக்கினேன். என்ஜின் உறுமி எழுந்தது. அலாரமும் நின்றது. அந்த நிமிடத்தில் எனக்கு உண்டான நிம்மதியை எழுத்தில் சொல்ல முடியாது. சாவிக்குள் இம்மொபிலைசர் சிப் என்று ஒன்று இருக்கிறது, அதை அடையாளம் கண்டால்தான் கார் என்ஜினைக் கிளம்ப விடும். அந்தச் சிப்புக்குப் பேட்டரியே வேண்டாம். ஸ்டார்ட் பட்டனைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் எழுப்பும் காந்தப் புலத்திலிருந்தே தனக்கு வேண்டிய துளி மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, ‘நான் இந்தக் காரின் சாவிதான்’ என்று சொல்லிவிடுகிறது. சில கார்களில் சாவியை வைக்க வேண்டிய இடம் வேறாக இருக்கும், கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். இந்த ஏற்பாட்டை யோசித்தவர்களுக்கு நான் மனதாரக் கடமைப்பட்டிருக்கிறேன்.

என் கோபம் தொடங்குவதும் இந்த இடத்தில்தான். ஒரே கூட்டுக்குள் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. கதவு திறப்பது பேட்டரியின் வேலை, என்ஜினுக்கு அனுமதி தருவது சிப்பின் வேலை. என்ஜின் கிளம்பியது என்றால் சிப் நலமாக இருக்கிறது, காருக்கும் இந்தச் சாவியைத் தெரிகிறது. ஆனால் மறுநாள் சர்வீஸ் சென்டரில் இதைச் சொன்னபோது யாரும் காதில் வாங்கவில்லை. கூட்டைத் திறந்துகூடப் பார்க்காமல், “சாவி போயிடுச்சு சார், புதுசு போட்டு புரோகிராம் பண்ணணும்” என்றார்கள். வேலை நெருக்கடியில் ஒவ்வொரு சாவியையும் பிரித்துப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்காது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூட்டைத் திறக்க அரை நிமிடம் போதும்.

வீட்டுக்கு வந்து மாற்றுச் சாவியை எடுத்தேன். அது ஒழுங்காகத் திறந்தது, ஆக காரின் ரிசீவரில் கோளாறு இல்லை. அடுத்து, ‘செத்துப்போன’ பேட்டரியை மாற்றுச் சாவிக்குள் போட்டேன். அதுவும் திறந்தது! மூன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன், மூன்றும் உயிரோடுதான் இருந்தன. மல்டிமீட்டர் முன்பே 3.1 வோல்ட் காட்டியிருந்தது. ஆனால் தளர்ந்துபோன பேட்டரிகூடச் சும்மா அளக்கும்போது நல்ல எண்ணைக் காட்டும், பட்டனை அமுக்கும்போதுதான் சரியும் என்பதால் நான் அதை நம்பவில்லை. நல்ல சாவிக்குள் போட்டுப் பார்க்கும் சோதனைக்கு மீட்டரே வேண்டாம், அது பொய்யும் சொல்லாது.

பழைய சாவியின் கூட்டை நெம்பித் திறந்தேன். பேட்டரியின் அடிப்பக்கத்தைத் தொடும் ஸ்பிரிங் தகடு, சர்க்யூட் போர்டில் சால்டர் வைத்த (உலோகத்தை உருக்கி ஒட்டிய) இடத்தில் மயிரிழை விரிசல் விட்டிருந்தது. பூதக்கண்ணாடியில்தான் தெரிந்தது. கூட்டை இரண்டு விரலால் நெருக்கிப் பிடித்தால் வேலை செய்யும், விட்டால் நின்றுவிடும். புது பேட்டரி போடும் ஒவ்வொரு முறையும் தகடு கொஞ்சம் அசைந்து தற்காலிகமாக ஒட்டியிருக்கிறது. அதைத்தான் நான் பேட்டரியின் புண்ணியம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அப்படி அழுத்தி அழுத்தியே விரிசலைப் பெரிதாக்கியும் இருக்கலாம்.

கைபேசி பழுது பார்க்கும் ஒருவர் பழைய சால்டரை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் தகட்டைத் துடைத்து, லேசாக மேல்நோக்கி வளைத்தார். மொத்தம் பத்து நிமிடம். பதினான்கு மாதம் ஆகிறது, ஒருநாளும் மக்கர் செய்யவில்லை. புரோகிராம் எதுவும் தேவைப்படவில்லை.

நண்பருக்கு நான் சொன்னது இதுதான். முதலில் மாற்றுச் சாவியைத் தேடி எடுங்கள். அதுவும் திறக்கவில்லை என்றால் சாவியை விட்டுவிட்டுக் காரைப் பாருங்கள். இரும்புச் சாவியால் திறந்தபோது உள்விளக்கும் எரியவில்லை என்றால் காரின் 12 வோல்ட் பேட்டரிதான் படுத்திருக்கிறது. குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் திறக்கவில்லையா, காரை அங்கிருந்து நகர்த்திப் பாருங்கள். வாயிற்கதவு ரிமோட், வானிலைக் கருவி என்று 433 மெகாஹெர்ட்ஸில் பேசும் பொருள்கள் நிறைய இருக்கின்றன, பக்கத்தில் ஏதாவது விடாமல் கத்திக்கொண்டிருக்கலாம். ஒரே ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அந்தப் பட்டனின் ஸ்விட்ச் தேய்ந்திருக்கும், அதையும் தனியாக மாற்றலாம். எல்லாம் சேர்ந்து விட்டுவிட்டு வேலை செய்தால் கூட்டை நெருக்கிப் பாருங்கள். சாவியை ஸ்டார்ட் பட்டனில் ஒட்டினால் என்ஜின் கிளம்புகிறதா என்று கட்டாயம் பாருங்கள். கிளம்பினால், கூட்டைத் திறந்து பார்க்காமல் புதுச் சாவிக்குச் சம்மதிக்காதீர்கள்.

கடைசியில் நண்பர், “இதே காரை மறுபடி வாங்குவீங்களா?” என்று கேட்டார். ஆறு வருடத்தில் ஒருமுறைகூட நடுவழியில் நின்றதில்லை. பேட்டரியே இல்லாத சாவியை நம்பி மழையில் எங்களை வீடு சேர்த்த கார். ஆனாலும் மாட்டேன் என்றுதான் சொன்னேன். நகக்கண் அளவுத் தகட்டுக்காக முழுச் சாவியையும் தூக்கிப் போடச் சொன்னார்களே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.