மேரிலாந்தா, சிட்னியா: பிரிட்டிஷ் கைதிகளின் வரலாற்றை எங்கே தொடங்கலாம்?

பிரிட்டன் தன் கைதிகளை முதலில் மேரிலாந்து போன்ற அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும், பிறகு சிட்னி இருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நாடு கடத்தியது. இந்த இரண்டில் எதை முதலில் படிப்பது என்று பலர் குழம்புகிறார்கள்.

காலம்: அமெரிக்கா, நாடு கடத்தலுக்கான 1718 சட்டம் முதல் 1775 வரை. ஆஸ்திரேலியா, 1788 முதல் 1868 வரை.

எண்ணிக்கை: அமெரிக்காவுக்குச் சுமார் 50,000 பேர், ஆஸ்திரேலியாவுக்குச் சுமார் 1,62,000 பேர்.

உழைப்பு: பெரிய வேறுபாடு இதுதான். மேரிலாந்திலும் வர்ஜீனியாவிலும் வணிகர்கள் கைதிகளை விற்றார்கள், பெரும்பாலும் 7 அல்லது 14 ஆண்டுகளுக்கு. வாங்கியவர்கள் மாடு வாங்குவதுபோல் பல்லைக்கூடப் பார்த்தார்களாம். படிக்கவே மனம் கனக்கிறது. ஆஸ்திரேலியாவில் விற்பனை இல்லை. அரசே குடியேறிகளிடம் வேலைக்கு ஒதுக்கியது.

ஆவணம்: ஆஸ்திரேலியப் பதிவேடுகளில் உயரம், கண் நிறம்கூட உண்டு. அமெரிக்காவுக்கு நீதிமன்றப் பதிவுகள், தப்பியோடியவர்களைத் தேடும் பத்திரிகை விளம்பரங்கள் எனத் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும்.

ஒரு தனிமனிதரின் வாழ்க்கையைத் தொடர ஆஸ்திரேலியா சரி. தண்டனை எப்படி வியாபாரமானது என்று அறிய அமெரிக்காவில் தொடங்குங்கள்.