தடாவில் ஒரு ஜப்பானிய வகுப்பும் ‘டெமோ அரி’ பாடமும்

தடா ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில், ஒரு வீட்டின் மாடியில் ஞாயிறு காலைகளில் நடக்கும் ஜப்பானிய மொழி வகுப்பில் மூன்று மாதம் படித்து முடித்திருக்கிறேன். ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் (ஜே.எல்.பி.டி.) ஐந்து நிலைகளில் மிக உயர்ந்ததான என்-1-க்கான வகுப்பு அது; மூன்று மாதத்துக்கும் சேர்த்துக் கட்டணம் 6,000 ரூபாய். நான் ஆரம்பாக்கத்தில் குடியிருந்துகொண்டு ஸ்ரீசிட்டியில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்ப்பவன். என்-2 தேறிய பிறகு, சென்னைக்கு வாராவாரம் போய்ப் படிக்க இயலாமல் அப்படியே நின்றுவிட்டவர்கள் இந்தத் தமிழ்நாடு-ஆந்திர எல்லைப் பக்கத்தில் என்னைப் போலப் பலர் இருப்பதால், இந்த வகுப்பைப் பற்றி விரிவாக எழுதுவது பயன்படும் என்று நினைக்கிறேன். பாடத்திட்டம் முழுவதையும் ஒப்பிப்பதைவிட, ஒரே ஒரு பாடம் எப்படி நடந்தது என்று சொன்னாலே வகுப்பின் தரம் விளங்கிவிடும்.

ஒரே பொருளிலோ ஒரே மனிதரிடத்திலோ இரண்டு தன்மைகள் சேர்ந்திருப்பதைச் சொல்லும் ‘டெமோ அரி, டெமோ அரு’ என்ற அமைப்புதான் அந்தப் பாடம். இதில் எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. ஆண்டு மதிப்பீட்டின்போது எங்கள் ஜப்பானிய மேலாளர் ஓர் ஊழியரைப் பற்றி, ‘ஷின்சோஸா வா கரெ நோ சோஷோ டெமோ அரி, தன்ஷோ டெமோ அரு’ என்றார். ‘டெமோ’ என்ற ஒலி காதில் விழுந்ததும், வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்து ‘ஆனால்’ என்று பொருள்படும் இன்னொரு ‘டெமோ’ நினைவுக்கு வர, “உங்கள் நிதானம் நல்லதுதான், ஆனால் அது ஒரு குறை” என்று நான் மொழிபெயர்த்துவிட்டேன். அந்த ஊழியரின் முகம் வாடிப்போனது. மேலாளர் சொன்னது வேறு: பலமும் அந்த நிதானமே, குறையும் அந்த நிதானமே. ‘ஆனால்’ வந்ததும் பாரம் முழுவதும் பின்பாதியில் போய் விழுந்து, முன்பாதியில் இருந்த பாராட்டு காணாமல் போய்விட்டது.

இந்த நிகழ்ச்சியை வகுப்பில் சொன்னபோது சென்ஸேய் என்னைக் குறை சொல்லவில்லை. (ஆசிரியையை நாங்கள் அப்படித்தான் அழைப்போம், தமிழும் தெலுங்கும் ஒருபோலப் பேசும் சூளூர்ப்பேட்டைக்காரர்.) “அந்த ‘மோ’வை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள் தம்பி, அது நம் உம்மைதான்” என்றார். அதுவரை நான் ‘டெமோ’ என்று ஒரே சொல்லாகப் படித்துவந்தது உண்மையில் ‘டெ’, ‘மோ’ என்று இரண்டாகப் பிரிய வேண்டியது என்பதும், அந்த ‘மோ’ தமிழின் எண்ணும்மை செய்யும் வேலையைச் செய்கிறது என்பதும் அப்போதுதான் எனக்குத் தெளிந்தது. அதோடு அவர் நிறுத்தவில்லை. ‘யார்’ என்பதோடு உம் சேர்ந்து ‘யாரும்’ ஆவதைப் போல ‘தாரெ’யோடு மோ சேர்ந்து ‘தாரெமோ’ ஆகிறது. ‘எதுவும்’ என்பதற்கு ‘நானிமோ’. வகுப்பில் இருந்த தெலுங்கு மாணவர்களுக்கு, அன்னா, தம்முடூ என்று கடைசி உயிரை நீட்டியே அவர்கள் உம்மைப் பொருளைக் கொண்டுவருவதை நினைவூட்டினார். இந்த ஒற்றுமைகளை வைத்துத் தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம் என்று பேசப் போகாமல், கற்பதற்கு உதவும் அளவில் மட்டும் பயன்படுத்தியது எனக்குப் பிடித்திருந்தது. ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ அப்படியொரு உறவை நிறுவப் பல ஆண்டுகள் உழைத்தார் என்றாலும், மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை.

ஒற்றுமை எங்கே முடிகிறது என்பதையும் அவர் அதே அக்கறையோடு காட்டினார், நான் கொடுத்த கட்டணத்துக்கு அந்த ஒரு மணி நேரமே போதும். தமிழில் ‘இனிப்பாகவும் புளிப்பாகவும் இருக்கிறது’ என்று வினையை ஒரு முறை சொன்னால் போதும். ஜப்பானியத்தில் நடுவே ‘அரி’ என்ற எச்சமும் இறுதியில் ‘அரு’ என்ற முற்றும் வர வேண்டும், தமிழ்ப் பழக்கத்தில் நாம் அந்த ‘அரி’யை விழுங்கிவிடுகிறோம். பெயர்ச்சொல்லுக்கு ‘டெமோ’ வரும். ‘இ’யில் முடியும் பெயரடைகளுக்கு அது வராது, அங்கே ‘கு’ என்று திரிந்து ‘உரெஷிகு மோ அரி, ஸபிஷிகு மோ அரு’ என்றுதான் வரும். மகளை மணமுடித்து அனுப்பும் தந்தை சொல்லக்கூடிய வாக்கியம் அது: மகிழ்ச்சியாகவும் இருக்கிறது, தனிமையாகவும் இருக்கிறது. இரண்டு உணர்ச்சிகளில் எது பெரிது என்று அந்த வாக்கியம் தீர்ப்புச் சொல்வதில்லை. ஒன்றுக்கொன்று எதிரான இரு பக்கங்களை நிறுத்திக் காட்ட ‘ஹன்மென்’ என்ற வேறு சொல் இருக்கிறது. ஒரே அறை படிப்பறையாகவும் படுக்கையறையாகவும் பயன்படுவதற்கு ‘கென்’ இருக்கிறது.

எனக்கு மிகவும் உதவிய வேறுபாடு ‘மோ அரெபா, மோ அரு’ என்ற அண்டை அமைப்பைப் பற்றியது. ‘ஈ ஹி மோ அரெபா, வருயி ஹி மோ அரு’ என்றால் நல்ல நாளும் உண்டு, கெட்ட நாளும் உண்டு என்று பொருள். ‘அரெபா’ என்பதை நிபந்தனையாகக் கொண்டு ‘நல்ல நாள் இருந்தால்’ என்று பெயர்த்தால் வாக்கியம் கெட்டுவிடும். இங்கே நல்ல நாள் வேறு, கெட்ட நாள் வேறு; ‘டெமோ அரி’யில் பலமும் குறையும் ஒரே நிதானத்தின் இரு முகங்கள். எதிர்மறையில் ‘தெகி டெமோ நகெரெபா, மிகதா டெமோ நாய்’, அதாவது பகையும் அல்ல, துணையும் அல்ல. ‘ஆணும் அன்று, பெண்ணும் அன்று’ என்று பள்ளியில் படித்த தெரிநிலை உம்மையின் எடுத்துக்காட்டு எனக்கு அந்த இடத்தில் நினைவுக்கு வந்து, அமைப்பை மறக்க முடியாதபடி செய்துவிட்டது.

குறைகளையும் சொல்ல வேண்டும். கேட்டல் பயிற்சி மூன்று மாதத்தில் நான்கு முறைதான் நடந்தது. தேர்வின் 180 மதிப்பெண்ணில் கேட்டலுக்கு 60. தேர்ச்சிக்கு வேண்டிய 100-ஐ மொத்தத்தில் வாங்கினாலும், மூன்று பகுதிகளில் ஏதாவது ஒன்றில் 19-க்குக் கீழே போனால் தேர்ச்சி இல்லை. இலக்கணத்துக்குக் காட்டும் பொறுமையில் பாதியாவது கேட்டலுக்கும் கிடைத்திருக்க வேண்டும். எழுதிக் கொடுக்கும் வாக்கியங்கள் திருத்தப்பட்டு வர இரண்டு வாரம் ஆகிறது. மாடியில் பதினைந்து பேருக்கு மேல் உட்கார இடமில்லை, மே மாதத்தில் வெக்கை தாங்கவில்லை.

என்-3 நிலையில் இருப்பவர்களுக்கு இந்த வகுப்பு ஒத்துவராது. சென்ஸேய் அடிப்படைகளுக்குத் திரும்பிப் போவதில்லை. என்-2 முடித்து, வேலையிடத்தில் தினமும் ஜப்பானியத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் தயங்காமல் சேரலாம். நான் டிசம்பர் தேர்வைச் சென்னையில் எழுதவிருக்கிறேன், கேட்டலுக்கு மட்டும் வீட்டில் தனியாகப் பயிற்சி செய்துவருகிறேன். அந்த ஊழியரிடம் போன வாரம் போய், மேலாளர் உண்மையில் சொன்னது என்ன என்பதைத் தமிழில் சரியாகச் சொல்லிவிட்டு வந்தேன்.