பத்தடி தள்ளி நின்னு பாக்க வேண்டிய படம்

வீட்டு ஹாலுக்கு ஒரு ஆயில் பெயின்டிங் வாங்கியிருக்கோம். மக ஆன்லைன்ல பாத்து ஆர்டர் போட்டா. மழை பேஞ்ச வெளிநாட்டு நகரத் தெரு, குடை புடிச்ச ஆளுக, ரெண்டு பக்கமும் உசந்த கட்டடம், வரிசையா தெருவிளக்கு. 24க்கு 36 இஞ்ச் கேன்வாஸ், 9,200 ரூபா. பிரேம் தனி. பிளெக்ஸ் வர்றதுக்கு முந்தி பாளையங்கோட்டையில போர்டு எழுதிப் பொழைச்சவன் நான். அதனால எனக்குப் படத்துக்கு முந்தி பெயின்ட்தான் கண்ணுல படும்.

முதல்ல, இது கையால போட்டதுதானா? இப்பல்லாம் பிரிண்ட் எடுத்து மேல ஜெல்லைத் தடவி ‘ஹேண்ட்மேட்’னு விக்காங்க. லைட்டையெல்லாம் அணைச்சுட்டு செல்போன் டார்ச்சைப் படத்துக்குப் பக்கவாட்டுல புடிச்சேன். போலின்னா மேடு ஒரு பக்கம் ஓடும், கலர் ஒரு பக்கம் ஓடும். இதுல குடை விளிம்பு எங்க வளையுதோ அங்கதான் பெயின்டும் வளையுது. பெயின்ட் தடவுற கத்தியால ஒரே இழுப்பு. நல்ல கை.

மகளுக்கு மொதல்ல புடிக்கல. “என்னப்பா, கிறுக்கி வச்சிருக்கு?”ன்னா. வாசப்படி வரைக்கும் கூட்டிட்டுப் போயித் திரும்பிப் பாக்கச் சொன்னேன். அங்கயிருந்து பாத்தா அதே கிறுக்கல், ஒரு பொம்பள பிள்ளைய இழுத்துக்கிட்டு ரோட்டைத் தாண்டுதா. 1874ல இம்ப்ரெஷனிஸ்ட் ஆளுக, அதாவது நுணுக்கி வரையாம கண்ணுல பட்ட வெளிச்சத்தையும் கலரையும் அப்படியே தீட்டுன ஓவியருக, பாரிஸ்ல முதல் கண்காட்சி வச்சப்பவும் முடிக்காத படம்னுதான் கேலி பண்ணுனாங்க. அவங்கள்ல ஒருத்தரு பிஸாரோ. 1897ல ஓட்டல் ரூம் ஜன்னல்ல இருந்துக்கிட்டே மோன்மார்த்ர் சாலையை வெயில்ல, மழையில, ராத்திரியிலன்னு வரிசையாப் போட்டாரு. மாடியில இருந்து குனிஞ்சு பாக்குற அந்தப் பார்வையைத்தான் நம்ம படக்காரரும் எடுத்திருக்காரு.

மழைன்னு ஒரு கோடு கூட இழுக்கல, அதுதான் எனக்குப் புடிச்சது. சிகாகோ மியூசியத்துல இருக்கிற கய்போத்ங்கிற ஓவியரோட 1877 பாரிஸ் மழைத் தெருப் படத்துலயும் துளி தெரியாது, குடையும் ஈரக் கல்லுந்தான் மழையைச் சொல்லும். இங்கயும் பாதிப் படம் தரைதான். ரோட்டுக் கருப்புக்கு கருப்பு டியூப்பைத் தொட்ட மாதிரி தெரியல. அல்ட்ராமரைன் நீலத்துல பர்ன்ட் அம்பர்ங்கிற கரும்பழுப்பைக் கலந்தா வர்ற கருப்பு அது. ஒரு ஓரத்துல நீலம் அடிக்குது, இன்னொரு ஓரத்துல செம்மண் அடிக்குது.

திருநெல்வேலி டவுன் வடக்கு ரத வீதியில சாரம் கட்டி போர்டு எழுதையில ஐப்பசி மழை புடிச்சுக்கிடும். மேலயே ஒதுங்கி நின்னு கீழ ரோட்டைப் பாத்துக்கிட்டு இருப்பேன். தரையில தெரியுற லைட்டு, மேல எரியுற லைட்டை விட ஒரு மாத்து கம்மியாத்தான் இருக்கும். அது நாம எங்க நின்னாலும் நம்ம பக்கமா நேரா நீளும்.

படக்காரர் சறுக்குனது இங்கதான். இடது பக்கம் மூணாவது விளக்கோட ஒளி, நடைபாதை ஓரத்தைப் புடிச்சு சாய்ஞ்சு ஓடுது. நிழல்தான் அப்படிச் சாயும், ஈரத்துல தெரியுற லைட்டு சாயாது. “யாருப்பா அதைப் பாக்கப் போறா?”ங்கா மக. டீ குடிக்க உக்காந்தா என் கண்ணு நேரா அங்கதான் போகுது.

பேக்கிங் மோசம். பெயின்ட் உள்பக்கமா இருக்க, குழாய்ல சுருட்டி அனுப்பிட்டாங்க. கெட்டியாப் போட்ட இடமெல்லாம் நெருக்கிக்கிட்டு, விரிக்கையில கீழ் மூலையில ரெண்டு விரக்கடை நீளத்துக்கு வெடிச்சிருக்கு. போட்டோ அனுப்புனா ‘இயற்கையான டெக்ஸ்சர்’னு பதில் வருது! ஆளிவிதை எண்ணெய் வாடை இன்னும் போகல. ஆயில் பெயின்ட் தண்ணி ஆவியாகிக் காயுறது இல்ல, காத்து பட்டுத்தான் இறுகும். இவ்வளவு கனத்துக்கு மாசக்கணக்குல ஆகும். “அண்ணாச்சி, கண்ணாடி போட்டுருவமா?”ன்னு பிரேம் கடைத் தம்பி கேட்டான். “வேண்டாம்டே”ன்னுட்டேன். கார்த்திகையில எங்க சுவர் ஊறும், அதனால பின்னால நாலு மூலையிலயும் கார்க் துண்டு ஒட்டி இடைவெளி விட்டு மாட்டியிருக்கு.

குடுத்த காசுக்கு மோசமில்ல. அஞ்சுக்கு மூணரை. பேக்கிங்குக்கு அரை புடிச்சிருக்கேன், அந்த மூணாவது விளக்குக்கு ஒண்ணு. வாங்குறவங்க, பெயின்ட் வெளிப்பக்கம் வர்ற மாதிரி சுருட்டுங்கன்னு ஆர்டர் போடையிலயே எழுதிருங்க. வார்னிஷ் அடிச்சுத் தாரோம்னா, நல்லா இறுகட்டும், இப்ப வேண்டாம்னு சொல்லிருங்க.