ஒரு வருஷம் ஓட்டிய பத்தடி கயாக்

சின்ன மீன் பிடிக்கவென்றே வாங்கிய கயாக், அதாவது ஒரு ஆள் ஓட்டுகிற ஒடுக்கமான சின்னப் படகு இது. பத்தடி நீளம், மேலே திறந்தபடி உட்கார்ந்து துடுப்புப் போடுகிற சாதாரண பிளாஸ்டிக் மாடல். பிடிப்பது புளூகில், கிராப்பி மாதிரி உள்ளங்கை அளவு நன்னீர் மீன்கள்தான். வசந்தத்திலேயே விமர்சனம் எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பேன். நல்லவேளை, எழுதவில்லை.

வசந்தத்தில் இதை அடிச்சுக்க ஆளில்லை. தண்ணீர் 16 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது கிராப்பி கரையோரப் புதர்களுக்கு வர ஆரம்பிக்கும், 20 டிகிரி வாக்கில் புளூகில் ஆண்மீன்கள் முழங்கால் ஆழத்தில் வாலால் மணலைத் துடைத்து, முட்டைக்காகத் தட்டுத் தட்டாகக் குழி போடும். மோட்டார் படகு தரை தட்டுகிற அந்த இடத்தில் ஒரு ஜாண் தண்ணீர் இருந்தாலே இது நுழைந்துவிடுகிறது. போலராய்டு கண்ணாடி போட்டுப் பார்த்தால் வெளிறிய வட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரியும், அதன் மேல் சின்ன ஜிக்கை (ஈயத் தலை வைத்த தூண்டில் முள்) இறக்கினால் வாசலில் வந்து நிற்பவனை விரட்டுகிற கோபத்தோடு வந்து கடிக்கும். காவலுக்கு நிற்கும் ஆணைத் தூக்கிவிட்டால் முட்டையை மற்ற மீன்கள் தின்றுவிடும், அதனால் குழிமேல் பிடித்ததை உடனே விட்டுவிடுவேன்.

அங்கேதான் முதல் குறை தெரிந்தது: சத்தம். துடுப்பு ஓரத்தில் லேசாகப் பட்டாலே காலி டிரம்மைத் தட்டிய மாதிரி கேட்கிறது, குழிகளில் ஒரு மீன்கூட நிற்காது. பழைய யோகா பாயை வெட்டி ஓரத்திலும் கால் வைக்கும் இடத்திலும் ஒட்டிய பிறகு பரவாயில்லை.

கோடையில் பெரிய புளூகில்கள் ஆழத்துக்குப் போய்விடும், கிராப்பி நடுநீரில் கூட்டமாகத் தொங்கும். அங்கே தக்கை போட்டு ஒரே இடத்தில் நிற்க வேண்டும், இந்தக் கயாக்குக்கோ நிற்கவே தெரியாது. லேசான காற்றுக்கே திரும்பிக்கொள்கிறது. நங்கூரக் கயிறு கட்டும் கொக்கியை இருக்கைக்குப் பின்னால், பக்கவாட்டில் வைத்திருக்கிறார்கள், உட்கார்ந்தபடி கை எட்டாது, எட்டிக் கட்டினாலும் படகு காற்றுக்குக் குறுக்கே நின்று ஆடுகிறது. கொக்கிக்கு இந்த இடத்தை யோசித்தவர் தண்ணீரில் இறங்கியிருக்க மாட்டார். கடைசியில் ஓரம் முழுக்க ஒரு கயிறு ஓட்டி, இரண்டு முனையிலும் கப்பி வைத்து, நங்கூரத்தை மூக்குக்கோ வாலுக்கோ நகர்த்துகிற மாதிரி நானே செய்துகொண்டேன். ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரம் போதும். ஆனால் ஓடுகிற தண்ணீரில் பக்கவாட்டில் மட்டும் கட்டிவிடாதீர்கள், கவிழ்த்துவிடும்.

தாழ உட்கார்வதில் ஒரு லாபம் உண்டு. கிராப்பியின் வாய் காகிதம் மாதிரி, மேலே தூக்கினால் கிழிந்து மீன் போய்விடும். இதில் தூக்க வேண்டிய உயரமே இல்லை, சின்ன வலையை அடியில் கொடுத்தால் சரி.

அப்புறம், கோடை வெயிலில் கயாக்கைக் கார் மேல் ஏற்றும்போது பட்டையை இறுக்கிக் கட்டாதீர்கள். எனக்கு அடிப்பாகம் குழிந்துபோய், அவிழ்த்து வெயிலில் கவிழ்த்துப் போட்ட பிறகு முக்கால்வாசி நிமிர்ந்தது.

இலையுதிர் காலம் வரை சமாளிக்கலாம். அதற்குமேல், தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகள் வழியாகவே குளிர்நீர் ஏறி உட்காரும் இடம் நனைகிறது. லைஃப் ஜாக்கெட் மட்டும் போதாது, குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் முதல் நொடியிலேயே நம்மை அறியாமல் மூச்சை இழுப்போம். காற்றின் சூட்டைப் பார்த்து இல்லை, தண்ணீரின் குளிரைப் பார்த்து உடுத்த வேண்டும். அதற்கான, தண்ணீர் உள்ளே புகாத உலர் உடையை விசாரித்தேன், கயாக் விலைக்குப் பக்கத்தில் வருகிறது. இந்தக் குளிருக்குக் கரையில்தான் நிற்கப்போகிறேன்.