முதலமைச்சர் காப்பீட்டு அட்டை: சிகிச்சையில் குறை இல்லை, வாசல்தான் குறுகல்

போன வருடம் அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆபரேஷன் செலவு மொத்தமும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் போனது. அது முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, சித்தி மகன் (எனக்குத் தம்பி முறை) தன் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் அதே அட்டைக்காக அலைந்து, கிடைக்காமல் திரும்பி வந்தான். ஒரே குடும்பத்துக்குள் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டதால் இதை எழுதுகிறேன். ஹோட்டலுக்கும் மிக்ஸிக்கும் விமர்சனம் எழுதுகிறோம், உயிர் போகிற நேரத்தில் கையில் இருக்கிற அட்டைக்கும் எழுத வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது நிறைய இருக்கிறது. அம்மா சாத்தூர் பக்கம் வீட்டில் இருந்தபடியே தீப்பெட்டி வேலை பார்ப்பவர், அப்பா போன பிறகு தனி ரேஷன் கார்டு. வருமானச் சான்று வாங்கி, ஆதாரையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கிற காப்பீட்டு மையத்துக்குப் போனோம். போட்டோ எடுத்து, கைரேகை வைத்து அன்றைக்கே பதிவு முடிந்துவிட்டது, நம்பரும் கையில் கிடைத்தது. இது நடந்தது நெஞ்சு வலிக்கு இரண்டு வருடம் முன்னால். பக்கத்து வீட்டு அக்கா வற்புறுத்தி அழைத்துப் போயிருக்காவிட்டால் நாங்களும் "வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்றுதான் இருந்திருப்போம். அந்த அக்காவுக்கு இன்றைக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் காப்பீட்டுக்கென்று தனி கவுன்டர் இருந்தது. ஆஞ்சியோ ரிப்போர்ட்டை ஏற்றி, அனுமதி கேட்டு அனுப்பினார்கள், மறுநாள் காலை அனுமதி வந்துவிட்டது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை என்பதால் பணம் போதுமா என்ற கவலையே எழவில்லை. ஒரே ஒரு குறை, ஆஞ்சியோகிராமுக்கு மட்டும் முதலில் கையிலிருந்து கட்டுங்கள் என்றார்கள், கட்டினோம், ரசீது கேட்டபோது இழுத்தடித்தார்கள். அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் புகார் சொல்லலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது, நீங்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டென்ட் வைத்த டாக்டரும் வார்டில் இருந்த சிஸ்டர்களும் காசு கட்டியவர், கட்டாதவர் என்று ஒரு வித்தியாசமும் பார்க்கவில்லை. அதை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்.

ஆக, சிகிச்சைக்கு ஐந்துக்கு நாலரை தருவேன். சேர்வதற்கான விதிக்கு ஒன்றரைக்கு மேல் தர மனசு வரவில்லை.

தம்பி கதைக்கு வருகிறேன். கடனில் எடுத்த டாடா ஏஸ் ஓட்டுகிறான். தவணை, டீசல், டயர் எல்லாம் போக மாதம் பதினாறாயிரம் வீட்டுக்கு வரும், மழைக்காலத்தில் அதுவும் வராது. வருடத்துக்குக் கூட்டினால் 1,92,000. திட்டத்தில் சேர வருட வருமான வரம்பு 1,20,000. அவனுக்கு அட்டை இல்லை, அவ்வளவுதான்.

இந்த 1,20,000 எப்படி வந்தது என்று பார்த்தால் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது வரம்பு 72,000. 2012 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சியில் புதிய திட்டமாக மாறியபோதும் அதே 72,000. அது 2022 ஜனவரியில்தான் 1,20,000 ஆனது. இடையில் பன்னிரண்டரை வருடம் அரிசி விலை ஏறியது, வாடகை ஏறியது, கூலியும் ஏறியது, வரம்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இப்போதும் 1,20,000 என்றால் மாதம் பத்தாயிரம், அதுவும் ஓர் ஆளுக்கு அல்ல, வீடு முழுவதுக்கும் சேர்த்து. கணவன் மனைவி இருவரும் நாளுக்கு 500 ரூபாய் கூலிக்கு மாதம் இருபது நாள் போனால் வருடம் 2,40,000 வந்துவிடுகிறது. சித்தாள் வேலைக்குப் போகிற குடும்பம் வரம்பைப் போல இரண்டு மடங்கு சம்பாதிக்கிறது என்று கணக்கு சொல்கிறது. அந்தக் குடும்பத்தைப் போய்ப் பார்த்து யாராவது வசதியானவர்கள் என்று சொல்வார்களா?

இதில் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு. இதே அரசு மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய்க்கு வைத்த வருமான வரம்பு இரண்டரை லட்சம். இ.எஸ்.ஐ.க்கு மாதச் சம்பளம் 21,000 வரை என்று வைத்திருக்கிறார்கள், அதுவும் வருடத்துக்கு இரண்டரை லட்சம்தான் வருகிறது. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு என்று மத்திய அரசு 2019-இல் இட ஒதுக்கீடு கொடுத்தபோது வைத்த வரம்போ 8 லட்சம். மாதம் ஆயிரம் ரூபாய் உதவி தேவைப்படும் குடும்பம் என்று ஒப்புக்கொண்ட ஒரு வீட்டுக்கு, இதய ஆபரேஷனுக்கு மட்டும் உதவி தேவைப்படாது என்று எப்படி முடிவு செய்தார்கள்?

தம்பிக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. வண்டிக் கடன் வாங்கும்போது வருமானம் இவ்வளவு என்று பேப்பர் காட்டினால்தான் கடன் கிடைக்கும், காட்டினான். அட்டை வேண்டுமென்றால் வருமானம் இல்லை என்று காட்ட வேண்டும். இ-சேவை மைய வாசலில் நின்ற ஒருவர், "ஒரு லட்சத்துக்குள் போட்டு வாங்கித் தருகிறேன், செலவு இவ்வளவு ஆகும்" என்று கேட்டாராம். அவன் வேண்டாம் என்று வந்துவிட்டான். பொய் எழுதிக் கொடுத்து, நாளைக்கு ஆபரேஷன் மேஜையில் அவள் இருக்கும்போது யாராவது கேள்வி கேட்டால் என்ன செய்வேன் அக்கா என்று கேட்டான். சரியாகத்தான் யோசித்திருக்கிறான். ஆனால் ஊரில் பொய் எழுதியவர்களுக்கு அட்டை இருக்கிறது, உண்மை சொன்னவனுக்கு இல்லை. விதி ஒன்று இப்படி ஆட்களைப் பிரிக்கிறது என்றால் அந்த விதியில்தான் கோளாறு.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதைச் சொன்னவுடன் பெரிய விவாதமே நடந்தது. பெரியப்பா, "கார் வைத்திருக்கிறவனெல்லாம் அட்டை வைத்திருக்கிறான், இன்னும் வரம்பை ஏற்றினால் என்ன ஆகும்?" என்றார். அவர் கோபம் பொய்யில்லை, அப்படிப்பட்டவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் வரம்பை இறுக்க இறுக்க வெளியே நிற்பது கார்க்காரர் இல்லை. அவருக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்கள், சான்று வந்துவிடும். தம்பி மாதிரி ஆட்கள்தான் வெளியே நிற்பார்கள்.

பெரியப்பா சொல்கிற மாதிரி வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பிரிக்கும் முறையும் ஏற்கெனவே நடந்து பார்த்ததுதான். 2018 செப்டம்பரில் வந்த மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் 2011-இல் எடுத்த சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பை வைத்துக் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தது. அந்தக் கணக்கெடுப்பில் கிராமத்து வீட்டில் பைக் இருந்தாலோ ஃபிரிட்ஜ் இருந்தாலோ லேண்ட்லைன் போன் இருந்தாலோ பட்டியலிலிருந்து வெளியே. தம்பிக்கு 2011-இல் கல்யாணம்கூட ஆகவில்லை, அன்றைக்கு எடுத்த பட்டியலில் அவன் குடும்பம் எங்கே இருக்கும்? பிறகு 2024 அக்டோபரில் 70 வயது ஆனவர்களுக்கு வருமானமே கேட்காமல் காப்பீடு என்று மத்திய அரசு தொடங்கியது. வருமானம் கேட்காமலும் திட்டம் நடத்தலாம் என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகத்தான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், நம் ஊரிலேயே இருக்கிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் ரோட்டில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. அட்டை கேட்பதில்லை, சம்பளம் கேட்பதில்லை, எந்த மாநிலத்துக்காரர் என்றும் கேட்பதில்லை. ரேஷன் அரிசியும் அப்படித்தான், மற்ற மாநிலங்கள் ஏழை, ஏழையல்லாதவர் என்று பிரித்தபோதும் தமிழ்நாடு எல்லோருக்கும் பொது விநியோகம் என்று நின்றது. அரசு ஆஸ்பத்திரி வார்டில் வருமானச் சான்று கேட்டுச் சேர்ப்பதில்லை. அப்புறம் இந்த அட்டைக்கு மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

பணம் எங்கிருந்து வரும் என்று அத்தை மகன் கேட்டான், நியாயமான கேள்வி. எல்லோருக்கும் சும்மா கொடுக்க முடியாது என்றால் வரம்புக்கு மேலே இருப்பவர்களிடம் கொஞ்சம் வாங்கிக்கொண்டு சேர்க்கலாம். ராஜஸ்தானில் 2021-இல் சிரஞ்சீவி மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது இலவசப் பிரிவில் வராத குடும்பங்கள் வருடம் 850 ரூபாய் கட்டிச் சேரலாம் என்று வைத்தார்கள். தம்பி ஆயிரம் என்ன, இரண்டாயிரம் கேட்டாலும் கட்டுவான். தனியார் காப்பீட்டில் அவன் வீட்டு நான்கு பேருக்குக் கேட்ட தொகை ஒரு மாத வருமானத்தைத் தாண்டியது, அதிலும் மனைவிக்கு ஏற்கெனவே கட்டி இருப்பதால் காத்திருப்புக் காலம் போட்டார்கள். பக்கத்தில் ஆந்திராவில் ஆரோக்கியஸ்ரீ என்ற காப்பீட்டுத் திட்டத்தின் வருமான வரம்பை 2020-இல் 5 லட்சத்துக்கு உயர்த்தினார்கள். நிதி ஆயோக்கே 2021-இல் ஓர் அறிக்கை போட்டு, நாட்டில் கிட்டத்தட்ட 30 சதவீதம் பேர், அதாவது 40 கோடி பேர், அரசுக் காப்பீடும் இல்லாமல் தனியார் காப்பீடும் இல்லாமல் நடுவில் விடுபட்டிருக்கிறார்கள் என்று எழுதியது. தம்பி அந்த 40 கோடியில் ஒருவன்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கே முழுத் தெளிவு இல்லை, அதையும் மறைக்கவில்லை. அட்டையை எல்லோருக்கும் கொடுத்தால் அரசுப் பணம் இன்னும் அதிகமாகத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகும், அரசு ஆஸ்பத்திரி மெலிந்துவிடும் என்று ஒரு டாக்டர் தோழி சொல்கிறாள். அரசு ஆஸ்பத்திரியும் இதே காப்பீட்டில் சிகிச்சை செய்து பணம் பெறுகிறது என்பது உண்மைதான், ஆனாலும் அவள் பயத்தை என்னால் ஒதுக்கித் தள்ள முடியவில்லை. அம்மாவுக்கு இப்போது பிரஷர் மாத்திரை மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிறது, அது அந்த அரசுத் திட்டத்தின் சுகாதாரத் தன்னார்வலர் கொண்டுவந்து கொடுப்பது. காப்பீடு ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் உதவும், படுக்காமல் பார்த்துக்கொள்வது இவர்கள் வேலை. ஒன்றைக் காட்டி மற்றதைக் குறைத்துவிடக் கூடாது.

சேரத் தகுதி இருப்பவர்கள் தள்ளிப்போடாமல் சேர்ந்துவிடுங்கள். ரேஷன் கார்டில் பெயர் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், குடும்பத்தில் யார் யார் என்பதற்கு அதுதான் ஆதாரம். மருமகள் பெயரைச் சேர்க்காமல் வருடக்கணக்கில் விட்டுவைத்து, பிரசவத்துக்கோ ஆபரேஷனுக்கோ ஓடும்போது தவிக்கிற வீடுகள் நிறைய. ஆஸ்பத்திரியில் சேருமுன் அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா, உங்கள் நோய்க்கு அங்கே அனுமதி உண்டா என்று இரண்டையும் கேளுங்கள். முதலாவதை மட்டும் கேட்டுவிட்டு மாட்டிக்கொண்டவர்களை அந்தக் கவுன்டரிலேயே பார்த்தேன்.

தம்பி மனைவிக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருக்கிறார்கள், அடுத்த மாதம் இரண்டாவது வாரம். அதுவரை வலி மாத்திரையில் ஓடுகிறது. சீக்கிரம் முடித்துவிடலாம், வண்டியை விற்றுத் தனியாரில் பார்க்கட்டுமா என்று நேற்று இரவும் போன் செய்து கேட்டான். விற்காதே, நாங்கள் எல்லோரும் இருக்கிறோம் என்று சொல்லியிருக்கிறேன்.